கூண்டுக்குள் ஒரு மஞ்சள் வட்டம்

எங்கள் அத்தையின் பெயர் அப்பொலோனியா. பல்வலிக்கான புனிதரின் பெயர் அது. அவருடைய திருநாளன்று பிறந்ததால் அதையே வைத்துவிட்டார்கள். வேறு பெயர் தேட வீட்டில் யாருக்கும் பொழுதில்லை. குறடும் குறட்டில் ஒரு பல்லுமாக நிற்கும் அந்தப் புனிதரின் படத்தை எங்கள் பட்டறையில் தலைமுறை தலைமுறையாக அச்சடித்து, வண்ணம் பூசி விற்றிருக்கிறோம். பல் வலித்தவர்கள் வாங்கிப் போய்க் கன்னத்தில் வைத்துத் துணியால் கட்டிக்கொள்வார்கள். வலி போகிறதோ இல்லையோ, வியர்வையில் படம் ஊறிப் போய்விடும். மறுபடி வாங்க வருவார்கள். அப்பாவுக்கு அந்தப் புனிதர்மேல் தனி மரியாதை.

என் பெயர் வெரோனிகா, வீட்டில் ஃப்ரோனி. சிலுவை சுமந்து போனவரின் முகத்தை ஒருத்தி துண்டால் துடைக்க, அந்த முகம் துண்டில் அப்படியே பதிந்ததாமே, அவள் பெயர்தான் எனக்கு. மை வேண்டாம், மரக்கட்டை வேண்டாம், ஒரே அழுத்தில் படம். எங்கள் தொழிலுக்கே மூத்தவள் அவள்தான் என்று புதுப் பிரசங்கியாரிடம் சொன்னேன். அவர் என் காதைத் திருகினார். "புனிதர்களை எல்லாம் மறந்துடுங்கன்னு நீங்கதானே போன ஞாயிறு சொன்னீங்க, இப்ப யாருக்காகக் கோபப்படறீங்க?" என்று கேட்டேன். அவர் மறு காதையும் திருகினார்.

நான் எழுத வந்தது அத்தையைப் பற்றி.

பால்பல் முழுதும் விழாத வயதில் தாத்தா அத்தையை மதிலோரத்துக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே அவளுக்கு வண்ணம் பூசும் வேலை. புத்தாண்டுக்குச் சகோதரிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் சின்னச் சின்னப் படங்களுக்கு, பேசாமல், தலை நிமிராமல், நிறம் வைத்துக்கொண்டே இருந்தாள். முக்காட்டுக்குள் முடி நரைக்கத் தொடங்கிய காலத்தில் போப்பும் புனிதரும் மடமும் வேண்டாம் என்கிற புது வேதம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. நியூரம்பெர்க்கில் தும்மினால் ஒரு நாள் நடையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஜலதோஷம் பிடிக்கும். ஊர்ச்சபை மடத்துக்கு அடுத்தடுத்து விதிகள் போட்டது. அங்கே பூசை கூடாது. பாவசங்கீர்த்தனம் கேட்கத் துறவிகள் போகக் கூடாது. புதுப் பெண்களைச் சேர்க்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களை அவரவர் வீட்டார் அழைத்துப் போகலாம். ஒருமுறை வெளியே வந்தவள் திரும்ப உள்ளே போக வேண்டுமானால் சபையின் முத்திரை போட்ட கடிதம் வேண்டும். அப்படி ஒரு கடிதம் யாருக்கும் கிடைத்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை.

விவசாயிகளின் கலகம் அடங்கிய அடுத்த வருடம் அப்பா மீன்காரனிடம் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு அத்தையை மீட்கப் போனார். அப்பா அதை மீட்பு என்றுதான் சொன்னார், மனதாரவும் நம்பினார். கோவிலுக்குள் வைத்து அத்தையின் முக்காட்டை எடுத்தார்கள். அழுவாள், கத்துவாள் என்று பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்தார் ஏமாந்து போனார்கள். அத்தை உப்பு மீன் வாடையடிக்கும் வண்டியில் ஏறி, இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினாள்.

வீட்டிலும் அவள் பேசுவது அரிது. மடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சே கிடையாதாம், எல்லாமே சைகை. இரண்டு கட்டைவிரலையும் இரண்டு சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் பிடித்தால் ரொட்டி. கையை நெளித்தால் மீன். அம்மாவுக்கு எரிச்சல்.

"என்ன வேணும் அண்ணி? வாயைத் தொறந்து கேளுங்க. இங்க மணியடிக்கவும் ஆளில்ல, முறைக்கிறதுக்கு மதரும் இல்ல."

அத்தை கொஞ்சம் யோசிப்பாள். அப்புறம் மறுபடி வட்டம் பிடிப்பாள்.

வாயைத் திறந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் கேட்பாள்.

"யோப்ஸ்ட், என்னைத் திரும்ப எப்பக் கொண்டுபோய் விடுவே?"

"அக்கா! கூண்டைத் தொறந்து குருவியை விட்டவன் மறுபடி பிடிச்சு அடைப்பானா?"

"என் துணி அங்க கொடியில காயுது."

அப்பா சிரிப்பார். அத்தை சிரிக்க மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவாள். மறு சனிக்கிழமையும் அந்தத் துணி கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

பட்டறையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எண்ணெய்த்தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்போம். அதை அச்சின் மேல் வைத்துத் தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தால் சிவப்பு முடிந்தது. அடுத்த தாள், பச்சை. அத்தை கையில் அது மாவு சலிப்பது போல ஓடும். இப்போது புனிதர்களை யாரும் கேட்பதில்லை. கழுதைக் காது முளைத்த போப்பாண்டவர், ஓநாய் மூஞ்சித் துறவி, பன்றிமேல் சவாரி போகும் கர்தினால், இவைதான் விற்கின்றன. நான் நினைத்தேன், அத்தை தூரிகையைக் கீழே போட்டுவிடுவாள் என்று.

"கழுதைக் காதுக்கு என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டாள்.

"சாம்பல்."

"சரி."

அவளைச் சீண்டிப் பார்க்க நான் படாத பாடு பட்டேன். வண்ணம் வைக்கும் சிப்பிகளை மாற்றி வைத்தேன். கர்தினாலுக்குப் பச்சைத் தொப்பி விழுந்தது. அத்தை அதைப் பார்த்தாள். "இன்னைக்குப் பச்சையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளுக்கும் பச்சையே வைத்தாள். பிசைந்த மாவில் குத்துவது மாதிரி இருந்தது. கோபம் வராத ஆளிடம் குறும்பு செய்வது வெறும் வேலை. விட்டுவிட்டேன்.

தவக்காலம் வந்தது. பழைய வேதத்தில் அப்போது இறைச்சி தொடக் கூடாது. புது வேதக்காரர்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாசேஜ் சாப்பிட்டார். எல்லோர் தட்டிலும் விழுந்தது. அத்தை தட்டில் அது கிடந்து ஆறும். அம்மா உள்ளே போகும் நேரம் பார்த்து நான் அதை எடுத்துத் தின்றுவிட்டு, உலர்ந்த பேரிக்காய் இரண்டை அங்கே வைப்பேன். எனக்கு சாசேஜ் பிடிக்கும், அதனால்தான். அத்தை மேசைக்கு அடியில் எனக்கு ஒரு சைகை காட்டுவாள். அதன் அர்த்தத்தை நான் கேட்டதில்லை.

எங்களுக்கு மரக்கட்டை செதுக்கித் தருபவர் லின்ஹார்ட். மனைவியை இழந்தவர், வீடு நிறையப் பிள்ளைகள், நல்ல மனிதர், தொழில் கருவியைத் தவிர எதைப் பிடித்தாலும் கை நடுங்கும். அப்பாவுக்கு ஒரு நாள் யோசனை உதித்தது. அத்தையை லின்ஹார்ட்டுக்குக் கட்டிவைப்பது, அதையே ஒரு படத்தாளாகப் போட்டு விற்பது.

"ஒரே தாள், ரெண்டு பாதி," என்று அப்பா மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் கூண்டு. உள்ள கன்னியாஸ்திரி. சாவியை வெச்சுக்கிட்டு ஓநாய்த் துறவி நிக்கிறான். அந்தப் பக்கம் அதே பொண்ணு, தலையில பூவளையம், மாப்பிள்ளை மோதிரம் போடறாரு. கீழ நான் நாலு வரி பாட்டு எழுதறேன். முகம் அக்கா முகமே இருக்கட்டும். ஊருக்கே தெரிஞ்ச முகம்."

லின்ஹார்ட்டுக்குக் காது சிவந்தது. "சிஸ்டருக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"கட்டிக்கப் போறவளை சிஸ்டர்ங்கறீங்களே மனுஷரே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தை வண்ணம் பூசிக்கொண்டே இருந்தாள், லின்ஹார்ட் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தை வரைந்தார். அசையாமல் உட்காரச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கூண்டின் பின்சுவரை நெருக்கமான கோடுகளாகச் செதுக்கினார். அந்தக் கோடுகளின் நடுவில் அத்தையின் முகம் வெள்ளையாகத் தெரிந்தது. முதல் அச்சு இழுத்ததும் அப்பா அதை அவள் முன்னால் விரித்தார்.

"இது நானா?"

"நீதான் அக்கா."

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டுலயும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். பிறகு, "இதை வித்ததுக்கப்புறம் மடத்துல என்னைச் சேர்த்துக்குவாங்களா?"

"யாரு சேர்த்துக்குவா? கடிதம் கேட்டு வாயைத் தொறந்தாலே சிரிப்பாங்க. அதுக்குத்தானே விக்கறதே," என்றார் அப்பா, அன்பாகத்தான்.

"சரி," என்றாள் அத்தை. அந்தச் சனிக்கிழமை அவள் துணியைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்பா ஃப்ராங்க்ஃபர்ட் சந்தைக்குக் கிளம்பிப் போனார். உயிர்த்த ஞாயிறுக்கு முன் ஊரில் விற்க வேண்டிய தாள்களுக்கு அத்தை வண்ணம் பூசினாள். வாசலில் தாள் விற்கும் குன்ஸ் கத்திக்கொண்டு நின்றான், அம்மா எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். நான் ஈரத் தாள்களைக் கொடியில் தொங்கவிட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கூண்டின் தாழ்ப்பாளுக்கு வைக்க வேண்டிய மஞ்சளை அத்தை அங்கே சரியாக வைத்திருந்தாள். அதோடு, கூண்டுக்குள் இருக்கும் கன்னியின் தலையைச் சுற்றி, எண்ணெய்த்தாள் எதுவும் வைக்காமல் வெறும் தூரிகையால், ஒரு வட்டமும் போட்டிருந்தாள். ஒவ்வொரு தாளிலும். முக்காடு போட்ட பெண்ணின் தலைக்கு மடத்தில் எப்படி வைப்பார்களோ, அதே ஒளிவட்டம். மறு பாதியில் பூவளையத்தோடு நிற்கும் மணப்பெண்ணுக்கு வட்டம் இல்லை.

"அத்தை, இதுக்கு வட்டம் கிடையாதே."

அத்தை தூரிகையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள். "போட்டிருக்கேனா?"

"எல்லாத்துலயும்."

"கை போட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். கை அதிலும் போட்டது. நான் வாயை மூடிக்கொண்டு மிச்சத்தையும் கொடியில் தொங்கவிட்டேன். இந்தப் பட்டறையில் இதுவரை நடந்த குறும்புகளிலேயே பெரியது இதுதான், என்னுடையதாக இல்லாமல் போனதே என்றுகூடத் தோன்றியது. குறும்புதானா என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாளே குன்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அம்மா, இன்னும் ஒரு கட்டுக் குடுங்க! கன்னியாஸ்திரி பறக்குது!"

"கல்யாணப் படம்னா சும்மாவா," என்றாள் அம்மா.

"கல்யாணத்தை யாரு கேட்டா? நடுவுல கத்திரியை வெச்சு ரெண்டா வெட்டறாங்க. கூண்டுல இருக்கறதைப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக்கறாங்க. கல்யாணம் எல்லாம் சந்தைத் தரையில கிடக்கு. மீன்காரி அதுலதான் மீன் கட்டிக் குடுக்கறா."

அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே புது வேதம் பேசிக்கொண்டு, வீட்டுக்குள் பழைய மெழுகுவத்தியை அணைக்காமல் வைத்திருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். சிறையில் கிடக்கும் கன்னி, தலையில் ஒளிவட்டம், பெயர் அப்பொலோனியா என்று ஊருக்கே தெரியும். இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து திரும்பிய அப்பாவை ஊர் வாசலில் காவல்காரன் நிறுத்தினான். அவனுக்கு வீங்கிய கன்னம், அதைச் சுற்றித் துணிக்கட்டு, கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது அப்பா போட்ட கூண்டு.

"நல்லாக் கேக்குது மாஸ்டர்," என்றானாம் காவல்காரன். "ராத்திரி தூங்கினேன்."

வாசலிலும் ஆள் வரத் தொடங்கியது. ஒருத்தி தன் பையனை இழுத்து வந்து அத்தையின் முன்னால் நிறுத்தி, "நீங்க ஒரு தரம் தொட்டுடுங்க," என்று கெஞ்சினாள். அத்தை அவன் வாய்க்குள் பார்த்தாள். "ஆடுது. பிடுங்கிடுங்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அவள் வாக்குப் பலித்துவிட்டதாக மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. ஆடுகிற பல் விழுந்ததற்கு!

ஊர்ச்சபையிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் தொழிலில் சபை பார்க்காத எதையும் விற்க மாட்டோம் என்று சத்தியம் செய்துகொடுத்திருக்கிறோம். வட்டமில்லாத அச்சைச் சபை பார்த்திருந்தது. வட்டத்தை யாரும் காட்டவில்லை. பட்டறைக்குப் பூட்டு விழலாம், அப்பா கோபுரச் சிறைக்குப் போகலாம். வீட்டிலிருந்து எல்லோரும் போனோம். சபையின் எழுத்தருக்குக் கடும் ஜலதோஷம். மேசையில் எங்கள் தாள்.

"வட்டம் யாரு போட்டது?"

"நான்," என்றாள் அத்தை.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை. கை போட்டுச்சு."

"எஜமான், சின்ன வயசுலேர்ந்து முக்காட்டைப் பார்த்தா வட்டம் வெச்சுப் பழகின கை," என்று அப்பா குறுக்கிட்டார். "பழக்கம். வேற ஒண்ணும் இல்ல. தெரியாம நடந்தது."

எழுத்தர் மூக்கைச் சிந்தினார். தாளைத் திருப்பி அத்தையின் பக்கம் நகர்த்தினார். "சரி, பழக்கம். அதே பொண்ணுதானே இந்தப் பக்கமும் நிக்குது? இவளுக்கு ஏன் போடலை?"

அத்தை மணப்பெண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"இவ தலையில பூவளையம் இருக்கு. இடம் இல்லை."

எழுத்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். குறும்பு செய்கிறவர்களின் முகத்தில் எங்கேயாவது ஒரு ஓரம் துடிக்கும், எனக்கு அது தெரியும், என் முகத்தில் அதை அடக்கத்தான் எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. அத்தை முகத்தில் ஒன்றும் துடிக்கவில்லை.

உள்ளே பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வெளியே வந்த எழுத்தர் அலுப்போடு படித்தார். பட்டறைக்கு எச்சரிக்கை. கட்டையில் கூண்டுக்குள் இருக்கும் முகத்தை எடுத்துவிட்டு வேறு முகம் வைக்க வேண்டும். இந்தப் பெண்ணைத் தெருவில் விட்டால் பல்வலிக்காரர்கள் வரிசை நிற்பார்கள், கோபுரத்தில் போட்டால் கோபுரத்தடியில் நிற்பார்கள். ஆகவே ஏற்கெனவே சுவர் எழுப்பியிருக்கும் இடத்தில், மதிலோரத்து மடத்தில், அவளை அடைத்து வைக்க வேண்டும். ஆயுள் உள்ளவரை தூரிகையோ வண்ணமோ தொடக் கூடாது. கீழே முத்திரை.

யாருக்கும் கிடைக்காத அந்தக் கடிதத்தை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை வண்டி இல்லை, நடந்தே போனோம். லின்ஹார்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. மடத்து வாசலில் அப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இது தண்டனை. புரியுதா உனக்கு? இனிமே நீ ஒரு கோடுகூடப் போட முடியாது."

"புரியுது," என்றாள் அத்தை. "துணி காய்ஞ்சிருக்கும்."

அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். முதல் முறை ஏமாந்துபோன அக்கம்பக்கத்தாருக்கு அன்று குறை தீர்ந்தது. அத்தை உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பி, மேசைக்கு அடியில் காட்டும் அந்தச் சைகையைக் காட்டினாள். கதவு சாத்தினார்கள். வெளிப்பக்கம் சபையின் பூட்டு.

இப்போது அத்தைக்கு அங்கே துணி துவைக்கிற வேலையாம்.

கட்டையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு முகத்தை எடுக்க முழுக் கட்டையையும் வீணாக்க மாட்டோம். அந்த இடத்தை மட்டும் தோண்டி எடுத்து, அதே அளவில் வேறு மரத்துண்டை இறுக்கி வைத்து, அதன் மேல் புது முகம் செதுக்கிவிடுவோம். லின்ஹார்ட் துளைக்கருவியால் அத்தையின் தலையைக் குடைந்து எடுத்தார். எடுத்த சில்லுகளைக் கூட்டிக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாருடையதும் அல்லாத ஒரு முகத்தை அங்கே செதுக்கினார். எழுத்தர் வந்து பார்த்து, முத்திரை குத்திவிட்டுப் போனார்.

கோடையில் அச்சு இழுத்தபோது அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். செருகிய துண்டு காய்ந்து சுருங்கியிருந்தது. சுவர்க்கோடுகள் எல்லாம் அந்த விளிம்பில் வந்து அறுபட்டு, புது முகத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். மை படாத, யாரும் பூசாத வட்டம்.

"சதுரமா வெட்டியிருக்கலாமே லின்ஹார்ட்!"

"கருவி வட்டமாத்தான் இருக்கு மாஸ்டர்," என்றார் லின்ஹார்ட்.

அவருக்கு வீடு நிறையச் சதுர உளிகள் இருக்கின்றன. நான் அவர் முகத்தையும் பார்த்தேன். ஒன்றும் துடிக்கவில்லை. இந்த ஊரில் எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை போல.

அந்தத் தாள் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். பார்வையாளர் ஜன்னலில் கம்பி, கம்பிக்குப் பின்னால் கறுப்புத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் அத்தை இருக்கிறாள் என்று அவள் மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தை உள்ளே கொடுக்கக் கூடாது என்பதால் வாயால் சொன்னேன். துண்டு சுருங்கியதையும், வட்டம் வந்ததையும், அப்பா என்ன கெட்ட வார்த்தை சொன்னார் என்பதையும்.

மூச்சு துணிக்கு அருகில் வந்தது.

"பேரி மரமா?"

"ஆமா."

"காயாத பச்சை மரத்தை வெச்சுட்டாரு. மழைக் காலத்துல ஊதும், மூடிக்கும். யோப்ஸ்ட்டைக் கவலைப்படாம இருக்கச் சொல்லு."

"அத்தை, அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம்?"

"எது?"

துணிக்கு இந்தப் பக்கம் நான் கையால் செய்து காட்டினேன். துணி மறைத்ததால் அவள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. உள்ளே மணி அடித்தது, மூச்சு நகர்ந்து போய்விட்டது.

அவள் சொன்னபடியே இலையுதிர் மழையில் மரம் ஊதி, வட்டம் மறைந்தது. அப்பா நிம்மதியாக ஒரு கட்டு இழுத்து விற்றார். இப்போது பனிக்காலம். பட்டறையில் கணப்பு எரிகிறது, கட்டை கணப்புக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. சூட்டில் காய்ந்து மறுபடி சுருங்கிவிடும் என்று அப்பா அதை ஜன்னலோரம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் இன்னும் வைக்கவில்லை. எனக்குக் குளிருகிறது, அதனால்தான். இன்று காலை இழுத்த தாளில் வட்டம் திரும்ப வந்திருக்கிறது.